புதுப்பிப்பு: பாளையங்கோட்டை மைதானப் புல்தரை, மழைக்குப் பின்

கோல்ஃப் மைதானங்களில் செய்வதுபோல் மண்ணைத் துளையிட்டு மணல் பரப்பினால், எங்கள் விளையாட்டு மைதானத்தில் திட்டுத் திட்டாக மஞ்சளித்த அருகம்புல் தேறுமா என்று கோடையில் கேட்டிருந்தேன். வடகிழக்குப் பருவமழை முடிந்துவிட்டதால் நிலவரத்தைப் பதிவு செய்கிறேன்.

புல் நன்கு வளரும் ஆவணியிலேயே, குழாய்போல் உள்ளீடற்ற பற்கள் கொண்ட கருவியால் மண்ணைத் துளைத்தோம். குழாய்க்குள்ளிருந்து வந்த மண்ணுருளைகளில் மேற்பகுதி ஓடுபோல் இறுகியிருக்க, வேர்கள் அதைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தன. அந்த மண்ணுருளைகளை அகற்றி, உப்பில்லாத கழுவிய மணலைத் துளைகளுக்குள் கூட்டித் தள்ளினோம். கடல் மணலில் உப்பு இருப்பதால் அதைத் தவிர்த்தோம்; கோடையில் நான் கேட்டபோது அதைப் பரிந்துரைத்த நண்பர் மன்னிக்க வேண்டும். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கவில்லை, திட்டுகளும் பெரும்பாலும் மூடிக்கொண்டன.

வேப்பமரத்தடி மட்டும் தேறவில்லை. அருகம்புல்லுக்கு வெயில் வேண்டும் என்பதால், அங்கே நிழல் தாங்கும் எருமைப்புல்லை நடவிருக்கிறோம். கோரையோ பிடுங்கப் பிடுங்க மண்ணுக்குள் தங்கிய கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கிறது. வெட்டும்போது இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. அடுத்த துளையிடலைச் சித்திரை வெயிலில் செய்யாமல் ஆவணிக்கே வைத்திருக்கிறோம்.