பிராக் நகரில் இரண்டரை நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வணக்கம். அக்டோபரில் பெற்றோருடன் பிராக் செல்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், படிகள் அதிகம் ஏறாமல் கோட்டை, சார்லஸ் பாலம், பழைய நகரச் சதுக்கம் ஆகிய மூன்றையும் பார்க்க எந்த வரிசை பொருந்தும்?

மறுமொழி 1:
கோட்டையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். 22-ஆம் எண் டிராம் மேட்டின் மீதே கொண்டுபோய் விடுவதால், மேலிருந்து கீழே இறங்கி வருவது மட்டுமே மிஞ்சும். உள்ளே இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தின் பணி 1344-இல் தொடங்கி 1929-இல்தான் நிறைவடைந்தது. அதற்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இறங்கும் வழியும் சரிவும் கருங்கல் பாவிய தெருவுமாகத்தான் இருக்கும் என்பதால், தட்டையான காலணி அவசியம்.

மறுமொழி 2:
பாலத்துக்கு விடியற்காலையில் செல்லுங்கள். பத்து மணிக்கு மேல் நடக்கவே இடமிருக்காது. பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தில், மணி அடிக்கும்போது எலும்புக்கூட்டுப் பொம்மை கயிற்றை இழுக்க, மேலே இரு சாளரங்களில் இயேசுவின் திருத்தூதர்களின் உருவங்கள் வரிசையாகக் கடந்துபோகும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தக் காட்சிக்காக அரை மணி நேரம் காத்து நின்றது எனக்குச் சற்று அதிகமாகவே பட்டது.

மறுமொழி 3:
அங்கே புழங்கும் நாணயம் யூரோ அல்ல, செக் நாட்டின் கொருனா. நான் ஒரு நாணய மாற்றுக் கடையில் விகிதத்தைப் படிக்காமல் பணத்தைக் கொடுத்து ஏமாந்தேன். 1,000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதுடன் ரத்து செய்யச் சட்டம் இடமளிக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. காகித டிராம் சீட்டை ஏறியதும் இயந்திரத்தில் முத்திரையிட மறவாதீர்கள்.