டிரேம் இல்லாத எஸ்எஸ்டியை நம்பலாமா?

வட்டுவைத்தியர்:
"இன்றைக்கு எந்த எஸ்எஸ்டி வாங்கினாலும் ஒன்றுதான், விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று நேற்று இங்கே கதிரொளி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கேட்டவர் புதியவர். பழைய மடிக்கணினிக்கு ஒரு டிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டுக்குப் பதில் ஃபிளாஷ் சில்லில் கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ் வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது, கோப்புகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று தெளிவாகக் கேட்டிருந்தார். அவருக்குச் சொல்லும் பதிலா இது?

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். என் மேசைக்குச் செத்து வரும் எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவை டிரேம் என்ற தற்காலிக நினைவகச் சில்லு இல்லாத மலிவு டிரைவ்கள். போன வாரம் ஆய்வு மாணவி ஒருவர் கொண்டு வந்தார். 480 ஜிபி டிரைவ். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் பார்த்தால் அது தன் பெயரையே மறந்து வேறு ஏதோ பெயரைச் சொல்லிக்கொண்டு, கொள்ளளவு 2 எம்பி என்று காட்டியது. மூன்று ஆண்டு உழைப்பு அதற்குள் இருந்தது. வேறு நகல் இல்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. "எல்லாம் ஒன்றுதான்" என்று எழுதுகிறவர்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

டிரேம் இல்லாத டிரைவை வாங்காதீர்கள். என் பேச்சு அவ்வளவுதான்.

கதிரொளி:
நான் எழுதியதைப் பாதியில் வெட்டி மேற்கோள் காட்டாதீர்கள். "பெயர் தெரிந்த நிறுவனம், ஐந்து ஆண்டு உத்தரவாதம், இந்த இரண்டும் இருந்தால் எந்த எஸ்எஸ்டியும் ஒன்றுதான்" என்பதே என் முழு வாக்கியம். முதல் பாதியை விழுங்கிவிட்டுச் சண்டைக்கு வருகிறீர்கள். என் வீட்டில் நான்கு கணினிகள், நான்கிலும் டிரேம் இல்லாத என்விஎம்இ (புதிய வேகமான இணைப்பு வகை) டிரைவ்கள்தான். ஒன்றுகூட இன்றுவரை ஒரு கோப்பைத் தொலைக்கவில்லை.

வட்டுவைத்தியர்:
நான்கு கணினியை வைத்துக்கொண்டு ஊருக்கே தீர்ப்புச் சொல்கிறீர்கள் தம்பி. நான் பார்த்தவை நூற்றுக்கணக்கில்.

டிரேம் எதற்கு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கோப்பின் எந்தத் துண்டு ஃபிளாஷ் சில்லில் எங்கே கிடக்கிறது என்று ஓர் அட்டவணை வேண்டும். ஒவ்வொரு 4 கேபி துண்டுக்கும் 4 பைட் முகவரி என்று கணக்கிட்டால், ஒரு டிபி டிரைவுக்கு அந்த அட்டவணையே சுமார் ஒரு ஜிபி வரும். டிரேம் உள்ள டிரைவ் முழு அட்டவணையையும் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்கிறது. டிரேம் இல்லாததோ ஒவ்வொரு முறையும் ஃபிளாஷுக்குள் போய்த் தேட வேண்டும், மாற்றங்களை அடிக்கடி ஃபிளாஷிலேயே எழுதவும் வேண்டும். அந்த எழுத்து சில்லைத் தின்கிறது. சில்லு தேய்கிறது, டிரைவ் சாகிறது.

கதிரொளி:
"தம்பி" என்று அழைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? வயதைக் காட்டி வாதத்தை வெல்ல முடியாது.

நிலவன்_77:
வட்டுவைத்தியர் ஐயாவுக்கு ஒரே ஒரு கேள்வி. டிரேம் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு வைத்திருக்கும். திடீரென்று மின்சாரம் போனால் அதில் இருக்கும் அட்டவணை எங்கே போகும்? சேவையகங்களுக்கான டிரைவ்களில் அந்த நொடியைத் தாங்குவதற்கென்றே மின்தேக்கிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பயன்பாட்டு டிரைவ்களில் பெரும்பாலும் அவை கிடையாது. அப்படியிருக்க, டிரேம் தரவைக் காப்பாற்றுகிறது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அது வேகத்துக்கு உதவுகிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். பத்திரத்துக்கு அது என்ன செய்கிறது?

என்விஎம்இ டிரைவ்களுக்கு எச்எம்பி என்ற வசதியும் இருக்கிறது. கணினியின் ரேமிலிருந்தே ஒரு சிறு பகுதியைக் கடன் வாங்கி அட்டவணையின் அடிக்கடி தேவைப்படும் பக்கங்களை அங்கே வைத்துக்கொள்ளும். விண்டோஸ் 10 இதை 2017 முதல் ஆதரிக்கிறது. இன்றைக்கு டிரேம் இல்லாத நல்ல என்விஎம்இ டிரைவ்கள் பல, ஒரு டிபிக்கு 600 டிபிடபிள்யூ உத்தரவாதத்தோடு வருகின்றன. அதாவது 600 டெராபைட் எழுதும்வரை நிறுவனம் பொறுப்பு. டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) நிறுவனத்தின் எஸ்என்770 அப்படிப்பட்டதுதான். சாம்சங் 870 ஈவோ டிரேம் உள்ள டிரைவ், அதற்கும் அதே 600தான். தேய்ந்து சாகும் என்றால் அதே எண்ணை ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள்?

கற்றுக்குட்டி:
கேள்வி கேட்டவன் நான்தான். எல்லோருக்கும் நன்றி. என் மடிக்கணினியில் சாட்டா என்ற பழைய இணைப்பு வகையில் 2.5 அங்குல இடம் மட்டும்தான் இருக்கிறது. என்விஎம்இ பொருந்தாது. அதற்கு ஏற்றாற்போல் சொல்ல முடியுமா?

வட்டுவைத்தியர்:
கேட்டீர்களா? சாட்டா! சாட்டாவில் எச்எம்பி கிடையவே கிடையாது. நிலவன் எழுதிய பத்தி முழுவதும் அவருக்கு உதவாது. டிரேம் இல்லாத சாட்டா டிரைவ் கடன் வாங்கவும் வழியில்லாமல் தானே திண்டாடும். இதைத்தானே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எச்எம்பியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 புதுப்பிப்பு வந்தபோது, நிலவன் புகழ்ந்த அதே எஸ்என்770இன் 2 டிபி டிரைவ் 200 எம்பி கடன் கேட்டது. அதுவரை 64 எம்பிக்கு மேல் தராத விண்டோஸ் கேட்டதை அள்ளிக் கொடுத்தது. கணினிகள் நீலத் திரை காட்டி விழுந்தன. டபிள்யூடி ஃபர்ம்வேரை, அதாவது டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடன் வாங்கிப் பிழைக்கிறவன் கதி அதுதான்.

நிலவன்_77:
ஃபர்ம்வேர் பிழையை டிரேமின் தலையில் கட்டுகிறீர்கள். சாம்சங் 980 புரோவில் டிரேம் இருந்ததே? அதிலும் ஒரு ஃபர்ம்வேர் பிழை டிரைவ்களை முடக்கியது, புது ஃபர்ம்வேர் கொடுத்துத்தான் சரிசெய்தார்கள். குரூஷியல் எம்4இலும் டிரேம் இருந்தது. 5,184 மணி நேரம் ஓடியதும் தொங்கிவிடும் பிழை அதில் இருந்தது, 2012இல் திருத்தினார்கள். சேவையக நிறுவனமான எச்பிஇ 2019இல் வெளியிட்ட எச்சரிக்கையை மறந்துவிட்டீர்களா? சேவையக டிரைவ்கள் சில 32,768 மணி நேரம் ஆனதும் மொத்தமாகச் செயலிழக்கும் என்றார்கள். சில்லு தேய்ந்ததாலா? மணி நேரத்தை எண்ணும் எண் தன் உச்சவரம்பைத் தாண்டியதால். டிரைவைக் கொல்வது பெரும்பாலும் மென்பொருள்தான். டிரேம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: மின்சாரம் போனால் டிரேமில் இருக்கும் அட்டவணை எங்கே?

சொல்லாய்வன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் எஸ்எஸ்டி, எஸ்எஸ்டி என்றே எழுதுகிறீர்கள். திண்மநிலை இயக்கி என்ற சொல் இருக்கிறதே.

வட்டுவைத்தியர்:
கணினியில் டிரைவர் மென்பொருளுக்கும் இயக்கி என்றுதான் எழுதுகிறார்கள். "இயக்கிக்கு இயக்கி நிறுவுங்கள்" என்று என்னிடம் வருகிறவரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? சொல் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பொருளைப் புரிந்துகொண்டு வரட்டும்.

சொல்லாய்வன்:
பழுது பார்ப்பவர்களே இப்படிச் சொன்னால் சொல் எப்படி வேர்பிடிக்கும்? ஆங்கில எழுத்துகளைத் தமிழில் அடுக்கி வைப்பது தமிழ் ஆகாது. சென்ற முறையும் இதே இடத்தில் என்னை அலட்சியப்படுத்தினீர்கள். மறக்கவில்லை.

தேன்கூடு:
டிரேம், டிரேம் என்று எல்லோரும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ஃபிளாஷ் என்ன வகை என்று ஒருவராவது கேட்டீர்களா? டிஎல்சியில் ஒரு கலத்தில் மூன்று பிட், எட்டு மின்னழுத்த நிலை. கியூஎல்சியில் நான்கு பிட், பதினாறு நிலை. நிலை கூடக் கூட எழுதுவது மெதுவாகும், தேய்வும் கூடும். சாம்சங் 870 கியூவோவை எடுத்துக்கொள்ளுங்கள். டிரேம் இருக்கிறது. ஆனால் ஒரு டிபி அளவில் 42 ஜிபி எழுதி முடித்ததும் வேகம் நொடிக்கு 80 எம்பிக்கு இறங்கிவிடும். நிறுவனமே அப்படித்தான் அறிவித்திருக்கிறது. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கே அதைவிட வேகமாக எழுதும். உத்தரவாதமும் 360 டிபிடபிள்யூ, மூன்று ஆண்டுதான். டிரேம் இருந்து என்ன பயன்?

கதிரொளி:
சரியாகச் சொன்னீர்கள் தேன்கூடு. இதைத்தான் நானும் சொன்னேன்.

தேன்கூடு:
நீங்கள் அதைச் சொல்லவில்லை. எந்த டிரைவும் ஒன்றுதான் என்றீர்கள். ஃபிளாஷ் வகை வேறானால் டிரைவும் வேறு என்று நான் சொல்கிறேன். என்னை உங்கள் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளாதீர்கள். உத்தரவாதம் பார்த்து வாங்குங்கள் என்பதும் பாதி உண்மைதான். உத்தரவாதத்தில் புது டிரைவ் கிடைக்கும், போன கோப்பு கிடைக்காது. போதாக்குறைக்கு, பெட்டியில் அதே பெயரை வைத்துக்கொண்டு உள்ளே சில்லை மாற்றுகிறார்கள். குரூஷியல் பி2 முதலில் டிஎல்சியோடு வந்தது, பிறகு அதே பெயரில் கியூஎல்சி வந்தது. 2021இல் அம்பலமானது. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு இன்றைக்கு வாங்குகிறவர் எதை நம்புவார்?

வட்டுவைத்தியர்:
கியூஎல்சி கெட்டது என்பதை நான் எப்போது மறுத்தேன்? டிரேமும் வேண்டும், டிஎல்சியும் வேண்டும். ஆனால் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் டிரேமைப் பாருங்கள். டிரேம் வைக்கிற நிறுவனம் காசு செலவழித்திருக்கிறது. டிரேமில் கையை இறுக்குகிறவன் ஃபிளாஷிலும் இறுக்குவான், டிரைவை நடத்தும் கன்ட்ரோலர் சில்லிலும் இறுக்குவான், சோதனையிலும் இறுக்குவான். என் மேசையில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்ப்பது அதைத்தான். நீங்கள் எல்லோரும் பட்டியலைப் படித்துவிட்டுப் பேசுகிறீர்கள். நான் செத்த டிரைவைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே கால்வாசிப் பெட்டியில்கூட மின்சுற்றுப் பலகை இல்லாமல் வெறும் காற்றாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

நிலவன்_77:
பலகை சிறியதாக இருப்பது குற்றமில்லை. சில்லின் அடர்த்தி கூடினால் பலகை சிறுக்கத்தான் செய்யும், நல்ல டிரைவிலும் அப்படித்தான். இன்னொன்று: பழுது பார்ப்பவரிடம் செத்த டிரைவ்தான் வரும். உயிரோடு இருப்பது எதற்கு உங்களைத் தேடி வரப் போகிறது? மலிவு டிரைவ்தான் அதிகம் விற்கிறது, அதனால் அதுதான் அதிகம் சாவதுபோல் தெரிகிறது. மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு ஊரில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று சொல்லக் கூடாது.

தேய்வைப் பற்றிய உங்கள் பயமும் பெரிதுபடுத்தியதுதான். டெக் ரிப்போர்ட் தளம் ஆறு டிரைவ்களில் இடைவிடாமல் எழுதிப் பார்த்த சோதனை 2015இல் முடிந்தது. இரண்டு டிரைவ்கள் 2,000 டெராபைட்டைத் தாண்டின. வீட்டில் யார் அவ்வளவு எழுதுகிறார்கள்?

வட்டுவைத்தியர்:
அதெல்லாம் பழைய ஃபிளாஷ். கியூஎல்சி ஒன்றுகூட அதில் கிடையாது.

காய்ச்சல் உவமை எனக்குப் புரிகிறது. அது என்னை வாயடைக்கச் சொன்னது என்பதும் புரிகிறது. போன வருடம் மின்வழங்கி பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

நிலவன்_77:
மின்வழங்கி விவாதத்தில் நான் சொன்னதே கடைசியில் சரியாயிற்று. அதை இங்கே இழுக்க வேண்டாம். மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: மின்சாரம் போனால் அட்டவணை எங்கே?

கற்றுக்குட்டி:
ஐயா, பழைய டிரைவில் என் மகளின் சிறுவயதுப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. அது இப்போது டக் டக்கென்று சத்தம் போடுகிறது. இந்த வாரம் மாற்றியே ஆக வேண்டும். சாட்டாவில் டிரேம், டிஎல்சி, ஐந்து ஆண்டு உத்தரவாதம் மூன்றும் உள்ளதை வாங்கினால் போதுமா?

தேன்கூடு:
சத்தம் போடுகிறதா? முதலில் அதை அணையுங்கள். மறுபடி இயக்குவது படங்களை நகல் எடுப்பதற்கு மட்டும்தான். முதலில் படங்கள், மற்றதெல்லாம் பிறகு. வேறொரு இடத்தில் இரண்டு நகல் வையுங்கள். புது எஸ்எஸ்டி வந்ததும் அதை மட்டும் நம்பிப் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். எஸ்எஸ்டியை மின்சாரம் இல்லாமல் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்தாலும் தரவு கசியும்.

கதிரொளி:
மூன்றும் இருந்தால் நல்லதுதான். ஆனால் டிரேம் இல்லாதது விலை குறைவாகக் கிடைக்குமே. ஒன்றில் படங்கள், இன்னொன்றில் நகல் என்று இரண்டாக வாங்கலாம்.

வட்டுவைத்தியர்:
பார்த்தீர்களா, மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறார்! குழந்தையின் படங்கள் என்று அவர் சொன்ன பிறகும் டிரேம் இல்லாததை வாங்கச் சொல்கிறார். கற்றுக்குட்டி, உங்கள் டிரைவை என்னிடம் அனுப்பினால் படங்களை எடுத்துக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். டிரேம் உள்ள சாட்டா டிரைவையே வாங்குங்கள். வாங்கியதும் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டு, கொள்ளளவு முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதியுங்கள். போலி டிரைவ் என்றால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். கதிரொளி நான்கு கணினிகளில் என்ன வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தேவையில்லை.

நிலவன்_77:
ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொல்லிவிட்டீர்கள். ஆக, நான் சொன்னதை ஏற்றுக்கொண்டீர்கள்.

வட்டுவைத்தியர்:
எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டும் என்று நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிலவன்_77:
மின்சாரம் போனால் அட்டவணை எங்கே?