அணையோரம் சைக்கிளில்: வழியில் யாரைப் பார்த்தீர்கள்?

நெல்லை டவுன்காரன்:

நம்ம பக்கத்தில் பேப்பரைப் பிரித்ததும் அணை நீர்மட்டம் பார்க்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. உச்ச மட்டம் எல்லாருக்கும் மனப்பாடம். அன்றைக்கு எவ்வளவு நிற்கிறது என்பதுதான் செய்தி. விவசாயிகள் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்காகப் பார்க்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எந்தப் பக்கம் விடலாம் என்று பார்க்கிறேன். தென்மேற்குப் பருவமழையில் பாபநாசம் ஏறும். மணிமுத்தாறுக்கு அந்த மழை போதாது, ஐப்பசி கார்த்திகை அடைமழையில்தான் அங்கே தண்ணீர் சேரும். ஆகவே ஆவணியில் பாபநாசம் பக்கம், தை மாசியில் மணிமுத்தாறு.

வெளியூர் நண்பர்கள் வந்தால், "அணையைச் சுற்றி ஒரு ரவுண்டு அடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். முடியாது. இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் மலை. தண்ணீர் முடிகிற இடத்தில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் நிற்கிறது. நமக்குச் சுற்று என்றால் அடிவாரத்தோடு அணைவிட்டு அணை போவதுதான். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு. திரும்பி அம்பை (அம்பாசமுத்திரம்) வந்து வி.கே.புரம் (விக்கிரமசிங்கபுரம்), பாபநாசம். அப்புறம் வடக்கே ஆழ்வார்குறிச்சி, சிவசைலம், கடனா அணை, கடையம், இராமநதி அணை. கடைசி இரண்டு அணைகளும் 2019இலிருந்து தென்காசி மாவட்டம். இருந்தாலும் பழைய திருநெல்வேலிச் சீமைதானே.

எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் என்பதையெல்லாம் ஆப்பில் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே வழியில் யாரைப் பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

என்னுடையது: பங்குனி மாதம், கல்லிடை தாண்டி அறுப்பு முடிந்த வயலில் ஆடு மேய்க்கிற கீதாரி ஒருவர் கிடை போட்டிருந்தார். ராமநாதபுரம் பக்கத்து ஆள். என் சைக்கிளின் இரண்டு பக்கமும் பை தொங்குவதைப் பார்த்துவிட்டு, "என்ன ஏவாரம்?" என்றார். ஏவாரம் இல்லை, சும்மா ஊர் பார்க்கப் போகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சும்மாவா?" என்று மறுபடி கேட்டார். அவரும் ஆடுகளோடு ஊர் ஊராகப் போகிறவர்தான், ஆனால் அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு இல்லை என்பது அவருக்கு ஜீரணமாகவில்லை. மோர் கொடுத்தார், குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கல்லிடைக்காரன்:

எங்கள் ஊரில் பை கட்டிய சைக்கிள் வந்தால் அது அப்பளம்தான், அண்ணாச்சி. உங்களை யாரும் விலை கேட்காமல் விட்டதே பெரிசு. நானே உள்ளூர்க்காரன், ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அக்ரஹாரத் தெரு வழியாக வந்தபோது ஒரு மாமி திண்ணையில் இருந்து, "உளுந்து அப்பளமா, அரிசி அப்பளமா?" என்று கேட்டார்.

வி.கே.புரம் ஷிப்ட்:

நான் மில் குடும்பம். ஹார்வி மில் காலத்திலிருந்தே எங்கள் ஊரில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ரோடு நிறைய சைக்கிள்தான் போகும் என்று அப்பா சொல்வார். இப்போது பைக்காகிவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சிவசைலம் ரோட்டில் விடியுமுன்னே போய்க்கொண்டிருந்தேன். எதிரே பால்காரர் ஒருவர் எக்ஸெல் வண்டியில் வந்தார். என்னைப் பார்த்ததும் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு, கையைக் குறுக்கே நீட்டி நிறுத்திவிட்டார். "அண்ணாச்சி, அங்கன நில்லுங்க. குட்டியோட கெடக்கு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் மாந்தோப்பு வேலி ஓரமாக இருட்டே ஒரு இடத்தில் அசைவது தெரிந்தது. கரடி. முதுகில் ஒரு குட்டி. இன்னொன்று பின்னால். சுமார் ஐம்பது அறுபது அடி தூரம்தான் இருக்கும். மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே இருந்தது. பால்காரர் கத்தவும் இல்லை, கல்லை எடுக்கவும் இல்லை. இன்ஜினை மட்டும் ஓட விட்டார். "சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கட்டும், அது பாட்டுக்குப் போவும்" என்றார். அதேபோல் தோப்புக்குள் போய்விட்டது.

அவர் சொன்ன ஒன்றை எல்லாரும் கவனியுங்கள். கரடிக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை, மோப்பம்தான் பலம். காற்று நம்மை நோக்கி வீசினால் நம் வாடை அதற்குப் போகாது. பைக் வந்தால் சத்தத்திலேயே ஒதுங்கிவிடும். சைக்கிளுக்குச் சத்தமே கிடையாது. நாம் பக்கத்தில் போய் நிற்கிற வரைக்கும் அதற்குத் தெரியாது, திடீரென்று பார்த்தால் பாய்ந்துவிடும். "நடந்து வாறவன்கூட இருமிக்கிட்டு வருவான். உங்க வண்டி திருடன் மாதிரில்லா வருது" என்றார். அதற்குப் பிறகு அடிவாரத்தில் வெயில் ஏறாமல் சைக்கிளை எடுப்பதில்லை. வளைவுக்கு வளைவு மணி அடிக்கிறேன். ஆள் இருந்தால் பேசிக்கொண்டே போகிறேன், இல்லையென்றால் பாட்டு. குரலைப் பற்றி எந்த விலங்கும் புகார் சொன்னதில்லை.

சிறுத்தையை நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் பக்கத்து வேம்பையாபுரத்தில் 2024 மே மாதம் கூண்டு வைத்துப் பிடித்தார்கள். ஊருக்குள் ஆடு தூக்க வந்ததுதான். ஆகவே, "மெயின் ரோடுதானே" என்று யாரும் தைரியம் சொல்லாதீர்கள்.

சென்னைவாசி:

படிக்கும்போதே கால் நடுங்குகிறது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சைக்கிளில் ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படங்களைப் பார்த்தால் ரோடு அற்புதமாக இருக்கிறது.

நெல்லை டவுன்காரன்:

ரோடு அற்புதம் இல்லை, இடம்தான் அற்புதம். அருவிக்குக் கீழே வனத்துறை சோதனைச்சாவடி இருக்கிறது. சைக்கிளோடு போன எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காப்பகத்துக்குள் அதுதான் நியாயமும்கூட, மேலே யானை நடமாட்டம் உண்டு. தேனிப் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையை 2023 ஜூனில் மேல் கோதையாறு பக்கம் கொண்டுவந்து விட்டதும் இதே மலையில்தான். மாஞ்சோலைக்கும் மேலே இருக்கிற ஊத்து எஸ்டேட் வரைக்கும் பார்க்க ஆசையென்றால் சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு, அன்றைக்கு என்ன அனுமதி என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

பாபநாசம் மேலணையும் அப்படித்தான். சாவடி தாண்டித்தான் போக வேண்டும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் கூட்டம் வரும் நாட்களில் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள்.

பட்டாலியன் பேரன்:

தாத்தா மணிமுத்தாறு போலீஸ் பட்டாலியனில் இருந்தவர், அதனால் இந்தப் பெயர்.

அந்த மணிமுத்தாறு சாவடி பக்கத்தில் எனக்கும் ஒரு சந்திப்பு உண்டு. மரத்தடியில் ஒரு அம்மா பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் சைக்கிளைத் தொட்டுப் பார்த்து, "இதுல கியர் போட்டா ஏத்தம் ஏறுமாய்யா?" என்றார். பேச்சு வளர்ந்தது. மாஞ்சோலையில் தேயிலை கிள்ளியவர். அவருடைய அம்மாவும் அங்கேதான், மகளும் அங்கேதான். சிங்கம்பட்டி ஜமீனிடம் எஸ்டேட் கம்பெனி 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை அது. குத்தகை முடிய இன்னும் சில வருஷம் இருக்கும்போதே, 2024இல், எஸ்டேட் வேலையை நிறுத்திவிட்டார்கள். பிறந்ததிலிருந்து மேலே இருந்தவர், இப்போது கீழே மகன் வீட்டில். அவருக்கு முதல் குறை என்ன தெரியுமா? வெக்கை. "அங்க ஃபேனுன்னு ஒன்னு வாங்குனதே கெடையாது. இங்க ராத்திரி முழுக்க அது சுத்துத சத்தத்துல ஒறக்கம் வரமாட்டேங்கு." கதவு இல்லாத வீட்டில்கூடப் பயமில்லாமல் தூங்கியிருக்கிறாராம், யானை வந்தால் மட்டும் எழுந்து பார்ப்பார்களாம். மேலே யாரோ சொந்தக்காரர் இன்னும் இருக்கிறார், அவரைப் பார்க்கப் போகிறேன் என்றார். பையில் கத்தரிக்காயும் கருவாடும் இருந்தது.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் அணைப் பக்கம் திரும்பிவிட்டேன். 1958இல் காமராஜர் காலத்தில் முடித்த அணை, மூன்று கிலோமீட்டர் அளவுக்குக் கரை. அன்றைக்குத் தண்ணீர் நன்றாகவே நின்றது. ஆனால் என்னவோ படம் எடுக்கத் தோன்றவில்லை.

கடையத்து டீச்சர்:

எல்லாம் ஆண்கள் கதையாக இருக்கிறது. நானும் ஓட்டுகிறேன்.

பெண் தனியாகச் சைக்கிளில் போனால் யானை, கரடிக்கு முன்னால் கேள்விகள் வரும். ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு தெருவில் தண்ணீர் கேட்டு நின்றேன். ஐந்தாறு பெண்கள் வாசலில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். கை நிற்கவே இல்லை, வாய் மட்டும் என் பக்கம். "ஒத்தையிலயா வந்திய?" "வீட்டுல ஒன்னும் சொல்ல மாட்டாவளா?" "இந்த வெயில்ல என்னத்துக்கு?" மூன்றாவது கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குள் ஓர் அக்கா, "நம்மளுந்தான் காலையில இருந்து ஒரே எடத்துல குத்தவச்சி இருக்கோம். அவுகளாவது நாலு ஊரு பாக்கட்டும்" என்று என் சார்பில் பதில் சொல்லிவிட்டார். சீட்டை இறக்கிக் கொடுத்தேன், ஒருவர் ஏறித் தெருமுனை வரைக்கும் போய் வந்தார். பள்ளிக்கூடம் போகிற காலத்தில் ஓட்டியதாம். இறங்கும்போது சிரித்த சிரிப்பை எழுத வராது, விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. இராமநதி அணைக்குப் போகிற ஏற்றத்தில் நான் இருக்கிற சின்னக் கியருக்கெல்லாம் மாற்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் மணி. பள்ளிக்கூடத்தில் அரசு கொடுக்கிற சைக்கிளில் ஒரு பிளஸ் ஒன் பெண், கேரியரில் தூக்குவாளி, எழுந்து நின்று மிதித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். தோட்டத்தில் இருக்கிற அப்பாவுக்குச் சாப்பாடாம். கியரே இல்லாத வண்டி! "டீச்சர், எறங்கி உருட்டுங்க, ஒன்னும் தப்பில்ல" என்று ஆறுதல் வேறு. என் மாணவிதான்.

கடையம் வருகிறவர்கள் நித்யகல்யாணி அம்மன் கோவில் பக்கம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பாரதியார் 1918 முதல் 1920 வரை செல்லம்மாளின் ஊரான இங்கே இருந்தபோது சுற்றித் திரிந்த இடம். மலையும் பாறையும் அப்படியே இருக்கின்றன.

களக்காட்டான்:

எல்லாரும் வடக்கேயே போகிறீர்கள். தெற்கேயும் அணை இருக்கிறது. 50 அடி வடக்கு பச்சையாறு, திருக்குறுங்குடிக்கு மேற்கே கொடுமுடியாறு. சின்ன அணைகள்தான். ஆனால் மலை ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் வராது, கூட்டமும் கிடையாது.

ஒரே எதிரி மேலக்காத்து. ஆனி, ஆடியில் வள்ளியூர், பணகுடி பக்கம் காற்றாலை எல்லாம் எதற்கு நிற்கிறது என்று மிதித்துப் பார்த்தால் தெரியும். நான் அப்படி ஒருநாள் ஏர்வாடிக்கும் களக்காட்டுக்கும் நடுவில் நகராமல் நின்றபோது, ஒரு பெரியவர் பழைய ஹெர்குலஸ் வண்டியில் இரண்டு பக்கமும் வாழைத்தார் கட்டிக்கொண்டு வந்தார். "தம்பி, எம் பின்னாலேயே ஒட்டி வாரும்" என்றார். ஒட்டிப் போனேன். தாரும் அவரும் சேர்ந்து காற்றை மறைத்துக்கொண்டார்கள். பெரிய பந்தயங்களில் ஒருவர் பின்னால் ஒருவர் போவார்கள் இல்லையா, அதே சங்கதி. அவர் அதை வாழைக்காய் மண்டிக்குப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டிருக்கிறார். களக்காட்டில் இறங்கி டீ வாங்கிக் கொடுக்கப் போனேன், அவரே காசு கொடுத்துவிட்டார். கூடவே நாலு ரசகதலி.

சிறகு:

பறவைக்காரர்களுக்காக: கடனா நதி தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூர். 2005இல் அறிவித்த பறவைகள் பாதுகாப்பகம், 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்ற வகையில் நாட்டிலேயே முதல். கோவிலை ஒட்டிய மருத மரங்களில் கூடு கட்டியிருக்கும். தை மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் நான் குளம் குளமாகச் சைக்கிளில்தான் போவேன், பைக் சத்தத்துக்கு நாரைகள் எழுந்துவிடும். அங்கே கீழே நின்று நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி, "மெதுவாப் பேசுங்க, மேல குஞ்சு இருக்கு" என்று அதட்டினார். தன் வீட்டுக் குழந்தையைச் சொல்வதுபோலவே சொன்னார். வாயை மூடிக்கொண்டோம்.

சென்னைவாசி:

முடிவு பண்ணிவிட்டேன், தை மாதம் வருகிறேன். சைக்கிளை எப்படிக் கொண்டுவருவது?

நெல்லை டவுன்காரன்:

நெல்லை எக்ஸ்பிரஸில் லக்கேஜ் வேனுக்குப் புக் பண்ணலாம். செயினுக்கும் கியருக்கும் துணி சுற்றுங்கள், பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். காலையில் இறங்கி அங்கிருந்தே மிதிக்கலாம். அலுப்பாக இருந்தால் செங்கோட்டை பாசஞ்சரில் கல்லிடையிலோ அம்பையிலோ இறங்கிக்கொள்ளுங்கள், அங்கிருந்து மணிமுத்தாறு கிட்டத்தில்தான்.

வி.கே.புரம் ஷிப்ட்:

உடைமுள்ளை யாரும் சொல்லவில்லையே! கால்வாய்க் கரை மண்பாதையில் இறங்கினால் பஞ்சர் நிச்சயம். மெல்லிசு டயர் வேண்டாம். ட்யூப் இரண்டு, பம்ப் ஒன்று. கடைகளில் பெரும்பாலும் பைக் ட்யூப்தான் இருக்கும், உங்கள் சைஸ் கிடைக்காது. ஒட்டுப் போட மட்டும் எந்த ஊரிலும் ஆள் உண்டு, ஞாயிறு மத்தியானம் தவிர. அந்த நேரத்தில் அவரும் தூங்க வேண்டாமா.

கல்லிடைக்காரன்:

கல்லிடையில் இறங்கினால் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு வருகிறேன். பையில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருங்கள், அப்பளம் வைக்க.