கலர் நெகட்டிவ் ஃபிலிம் கழுவும் சி-41 டெவலப்பரை வீட்டிலேயே கலக்கலாமா?

நாஞ்சில்ரோல்: கிட் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, டெவலப்பரில் நிறம் வரவைக்கும் ரசாயனமான சிடி-4 தனியாக வாங்கி நாகர்கோவில் வீட்டிலேயே கலக்கலாம் என்று இருக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும், பரவாயில்லையா? எதை முதலில் போடுவது?

குளச்சல்காரன்: கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம் மக்கா, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எடு. முதலில் சோடியம் சல்பைட், பிறகு பொட்டாசியம் கார்பனேட், புரோமைடு எல்லாம் கரைந்து தெளிந்த அப்புறம்தான் சிடி-4, சல்பைட் இல்லாத தண்ணீரில் போட்டால் காற்று பட்டே கெட்டுப்போகும். 0.01 கிராம் காட்டும் தராசு இல்லையென்றால் பேசாமல் கிட்டையே வாங்கு.

தக்கலைநெகட்டிவ்: கையுறை முக்கியம் அண்ணே, சிடி-4 தோலில் பட்டால் அலர்ஜி வரும். டெவலப்பர் சூடு 37.8 டிகிரி செல்சியஸ், ஃபிலிம் அதில் இருக்கும் நேரம் 3 நிமிடம் 15 விநாடி. நம்மூர் வெயிலில் டேங்க் தண்ணீரே கொதிக்கிறது என்று தெர்மாமீட்டரை விட்டுவிடாதீர்கள், அரை டிகிரி மாறினாலே நிறம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

நாஞ்சில்ரோல்: சரி, முதலில் தராசு.