உதவி: வளைகாப்பு டேக் எல்லாம் சுருண்டு போகிறது, ஞாயிறு விழா!

வளையல்_சத்தம் | வியாழன் காலை 10.40
வணக்கம். அக்காவுக்கு ஞாயிறு வளைகாப்பு. தாம்பூலப் பையில் கட்டுவதற்கு நாங்களே டேக் செய்கிறோம், 150 வேண்டும். ஒட்டும்போது நன்றாகத்தான் இருக்கிறது. காய்ந்ததும் சுருண்டு விடுகிறது. மேலே எழுதினால் கை பட்டதும் அழிகிறது. என்ன செய்யலாம்? அவசரம், யாராவது சொல்லுங்கள்.

கோலப்பொடி | 10.52
என்ன பேப்பர், என்ன கம், என்ன பேனா? மூன்றையும் சொல்லுங்கள். படம் இருந்தால் போடுங்கள்.

சின்னு_அம்மா | 11.05
முதலில் அக்காவுக்கு வாழ்த்துகள். வெயிலில் காயவைத்தீர்களா? வெயில் பட்டால் பேப்பர் சுருளத்தான் செய்யும். நிழலில் வையுங்கள், சரியாகிவிடும்.

மழைக்காதலன் | 11.11
எந்த ஊர் நீங்கள்? ஐப்பசி மழையில் காற்று முழுக்க ஈரம். போன வருஷம் இதே மாதத்தில் நாங்கள் வீட்டில் வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகூட ஓரம் தூக்கிக்கொண்டது. பேப்பரை பிளாஸ்டிக் கவரில் மூடி வைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பழைய_பைண்டர் | 11.30
மாதம் தவறாமல் யாராவது இதே கேள்வியோடு வருகிறீர்கள். முந்தைய இழைகளைத் தேடிப் படித்திருந்தால் இந்நேரம் டேக் காய்ந்திருக்கும். காகிதத்துக்கு கிரெயின் என்று ஒன்று உண்டு. ஆலையில் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் வளராது, குறுக்கே உப்பும். அதனால் காகிதம் ஒரு பக்கமாக விரியும், காய்ந்தால் அதே பக்கமாகச் சுருங்கும். இரண்டு தாளை ஒட்டுகிறவர் இரண்டின் கிரெயினும் ஒரே திசையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் வெட்டி ஒட்டினால் சுருளாமல் என்ன செய்யும்?

வளையல்_சத்தம் | 11.48
சார்ட் பேப்பர்தான். வெள்ளை கம். சாதா ஜெல் பேனா. நிழலில்தான் காயவைத்தோம்.

கோலப்பொடி | 11.55
சரி. இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். ஒரே தாளா, இரண்டு ஒட்டியதா? கம்மை ஓரத்தில் மட்டும் வைத்தீர்களா, முழுக்கத் தடவினீர்களா? சுருளும்போது எந்தப் பக்கம் உள்ளே போகிறது?

பூக்கட்டு_நூல் | 12.10
இந்தக் கம் எல்லாம் வேண்டாம். எங்கள் தாத்தா அச்சகம் வைத்திருந்தார், எல்லாம் மைதாப் பசைதான். ஒரு பங்கு மைதா, ஐந்தாறு பங்கு தண்ணீர், கட்டி விழாமல் கிண்டிக் காய்ச்சி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பூச்சி அண்டாது. அவர் ஒட்டிய கணக்குப் புத்தகம் இன்னும் பிரியாமல் இருக்கிறது.

வளையல்_சத்தம் | 12.20
கீழே சார்ட், மேலே தங்க நிற மெட்டாலிக் பேப்பர். கம் கெட்டியாக இருந்ததால் தண்ணீர் கலந்து பிரஷால் முழுக்கத் தடவினோம். ஃபேனுக்குக் கீழே வைத்தோம். சார்ட் பக்கம்தான் உள்ளே போகிறது. ஊர் நாகப்பட்டினம்.

மழைக்காதலன் | 12.24
நாகப்பட்டினம்! கடற்கரை ஊர். நான் சொன்னேனே.

கோலப்பொடி | 12.41
ஊரை விடுங்கள், தண்ணீரும் தங்கப் பேப்பரும்தான் விஷயம். தண்ணீர் கலந்த கம்மை முழுக்கத் தடவியதும் சார்ட் ஈரத்தைக் குடித்து விரிகிறது. விரிந்த நிலையிலேயே தங்கப் பேப்பரோடு ஒட்டிக்கொள்கிறது. காயும்போது சார்ட் சுருங்கப் பார்க்கிறது. மேலே இருக்கும் மெட்டாலிக் பூச்சு அந்த அளவுக்குச் சுருங்காது. எது அதிகம் சுருங்குகிறதோ அந்தப் பக்கம் குழியும். நீங்கள் சொன்ன அடையாளம் இதோடு சரியாகப் பொருந்துகிறது. ஃபேன் ஒரு முகத்தை மட்டும் சீக்கிரம் காயவைப்பதால் இன்னும் மோசமாகும்.

எழுத்து அழிவதும் அதே பூச்சால்தான். ஜெல் மை காகிதத்துக்குள் கொஞ்சம் இறங்கிக் காய வேண்டும். மெட்டாலிக் பூச்சு அதை உறிஞ்ச விடாது. அதற்கு பர்மனென்ட் மார்க்கர் எடுங்கள், நுனி மெல்லியதாக இருக்கட்டும். ஒரு துண்டில் எழுதிப் பார்த்து, தேய்த்துப் பார்த்துவிட்டு 150-க்கும் இறங்குங்கள்.

பழைய_பைண்டர் | 1.02
தண்ணீர் என்பது பாதிப் பதில். தண்ணீர் ஏன் ஒரு திசையில் மட்டும் வளைக்கிறது என்பதற்குக் கிரெயின்தான் விடை. சார்ட்டில் ஒரு சிறு சதுரத்தை வெட்டி ஒரு முகத்தை மட்டும் நனையுங்கள். அது உருளும். அந்த உருளையின் நீளவாக்கில்தான் நார் ஓடுகிறது. இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள் காகித வேலை பற்றிப் பேச வேண்டியதில்லை என்பது என் கருத்து.

கோலப்பொடி | 1.10
ஐயா, நீங்கள் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு இருப்பது இரண்டரை நாள். வீட்டில் யாரும் நார் பார்க்கப் போவதில்லை. தண்ணீரை நிறுத்தினாலே டேக் தட்டையாக வரும்.

மீனாட்சி_கைவினை | 1.35
பூக்கட்டு_நூல், மயில்துத்தம் விஷயத்தை அப்படியே விட்டுவிட முடியாது. அது விஷம். தோட்டத்தில் சுண்ணாம்போடு கலந்து பூஞ்சைக்குத் தெளிக்கிறார்களே, அதே சரக்கு. தாம்பூலப் பையில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் இருக்கும். டேக் அதற்கு மேலேயே தொங்கும், அல்லது உள்ளேயே விழும். விழாவுக்கு வரும் குழந்தைகள் கைக்குக் கிடைத்ததை வாயில் வைக்கும். கர்ப்பிணி வீட்டில், அடுப்பில் வைத்து மயில்துத்தம் கலந்து கிண்டச் சொல்வது சரியே இல்லை.

பூக்கட்டு_நூல் | 1.50
ஒரு சிட்டிகைதான் சொன்னேன் அக்கா. அந்தக் காலத்தில் எல்லா பைண்டிங் கடையிலும் போட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மீனாட்சி_கைவினை | 2.03
கடையில் போட்டது அலமாரியில் நிற்கும் கணக்குப் புத்தகத்துக்கு. வருஷக்கணக்கில் இருக்க வேண்டும், இராமபாணப் பூச்சி தின்னக் கூடாது, அதனால் போட்டார்கள். டேக்கின் ஆயுசு ஒரு நாள். அதற்குப் பூச்சி மருந்து எதற்கு? மைதாப் பசை வேண்டுமென்றால் அன்றன்று காய்ச்சி, அன்றன்று தீர்த்துவிடுங்கள்.

பழைய_பைண்டர் | 2.15
மயில்துத்தத்தில் மீனாட்சி சொல்வதே சரி. நானும் பட்டறையில் அந்தப் பசையைத் தொட்ட கையோடு சாப்பிட விட்டதில்லை. அப்புறம், மைதாப் பசையிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். இந்தப் பிரச்சினைக்கு அது மருந்தே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லையா?

பூக்கட்டு_நூல் | 2.31
சரி, துத்தம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மைதாப் பசையில் ஒட்டி, பாரம் வைத்துக் காயவைத்தால் சுருளாது. தாத்தா அழுத்துப் பொறியில் ஓர் இரவு வைப்பார்.

சின்னு_அம்மா | 2.40
வளையல்_சத்தம், இருக்கிறீர்களா? உங்கள் கேள்வியை விட்டு எங்கேயோ போய்விட்டது.

செந்தில்_திருச்சி | 4.20
பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். ஏற்கெனவே சுருண்டதைத் தூக்கிப் போட வேண்டாம். சார்ட் பக்கத்தில் ஈரத்துணியால் லேசாக ஒற்றுங்கள், நனைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் வெள்ளைத்தாள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டிக்கொள்ளும். அவசரமென்றால் பருத்தித் துணி போட்டு, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரி போடலாம். வெள்ளை கம் சூட்டில் இளகும், ஆறும்போது தட்டையாகவே பிடித்துக்கொள்ளும். இஸ்திரி போட்டதும் மேலே பாரம் வைத்து, ஆறும்வரை எடுக்காதீர்கள். கல், குந்தன் ஒட்டியிருந்தால் இஸ்திரி கூடாது.

இனி செய்யப்போவதற்கு என் யோசனை வேறு. இரண்டு தாளை ஒட்டுவதையே விட்டுவிடுங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டை, ஏ4 அளவில், தந்த வெள்ளையோ மஞ்சளோ வாங்குங்கள். ஜெராக்ஸ் தாள் 75 ஜிஎஸ்எம்தான், அதோடு ஒப்பிட்டால் இதன் தடிமன் புரியும். தனி அட்டையே டேக்குக்குப் போதும், கம் வேலையே கிடையாது. டேக் 5 செ.மீ. அகலம், 9 செ.மீ. நீளம் என்றால், நீளத்தை அட்டையின் நீளவாக்கில் போட்டு வெட்ட ஒரு அட்டைக்கு 12 கிடைக்கும். 150 டேக்குக்கு 13 அட்டை. திருப்பிப் போட்டால் 10தான் வரும், 15 அட்டை ஆகும். தங்கம் வேண்டுமென்றால் தங்கப் பேப்பரில் சின்ன வளையல் வட்டமாகவோ மாவிலையாகவோ வெட்டி, மேலே இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். டேப்பில் தண்ணீர் கிடையாது. பெயரை அட்டையின் வெறும் பகுதியில் எழுதினால் உங்கள் ஜெல் பேனாவே போதும்.

ஓட்டை போடும்போது மேல் விளிம்பிலிருந்து குறைந்தது அரை செ.மீ. விடுங்கள். இல்லையென்றால் பை ஆடும்போது கிழியும். தடித்த அட்டையை ஒரு நேரத்தில் ஒன்றிரண்டுக்கு மேல் பஞ்சிங் மெஷினில் சொருக வேண்டாம்.

மீனாட்சி_கைவினை | 4.45
அருமை. நூலுக்கு வெள்ளைப் பூக்கட்டும் நூலோ சணல் நூலோ போதும். சாயம் போட்ட மலிவான நூல் ஈரக்கை பட்டால் அட்டையில் இறங்கும். மஞ்சள் குங்குமம் தொட்ட கைதான் எல்லாப் பையையும் தூக்கப் போகிறது.

காகிதப்பூ | 5.10
நேரம் இருந்தால் புதுச்சேரி கைத்தாள் பாருங்கள். அங்கே ஆசிரமத்தின் கைத்தாள் பிரிவு 1959 முதல் இயங்குகிறது. பருத்தித் துணிக் கழிவில் செய்வது. ஆலைத்தாள் போல ஒரே திசையில் நார் இருக்காது, கிழித்த ஓரமே அலங்காரம். நான் வாழ்த்து அட்டை எல்லாம் அதில்தான் செய்கிறேன். ஒரே குறை, சிலவற்றில் மை பரவும்.

பழைய_பைண்டர் | 5.32
வாழ்த்து அட்டை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த ரீஃபில்லால் ஸ்கேல் வைத்துக் கீறுவீர்கள். ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மேடு விழும். மடித்த பின் மேடு உள்ளே இருக்க வேண்டும், பள்ளம் வெளியே. கிரெயினுக்கு இணையாக மடித்தால் விளிம்பில் வெடிப்பும் வராது.

காகிதப்பூ | 5.40
எனக்குப் பள்ளம் உள்ளே வந்தால்தான் மடிக்கச் சுலபமாக இருக்கிறது.

பழைய_பைண்டர் | 5.44
சுலபமாக இருப்பது வேறு, நிற்பது வேறு. தடித்த அட்டையில் இரண்டு விதமாகவும் மடித்து, வெளி ஓரத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வளையல்_சத்தம் | வெள்ளி இரவு 9.15
எல்லோருக்கும் நன்றி. அட்டையும் இருபக்க டேப்பும் வாங்கிவிட்டோம். செந்தில் அண்ணா சொன்ன மாதிரி மாவிலை வெட்டி ஒட்டினோம், தட்டையாக இருக்கிறது. பழையதில் இஸ்திரி போட்டதில் பாதிக்கு மேல் தேறியது. பை நிரப்பும் வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

சின்னு_அம்மா | 9.22
மகிழ்ச்சி! படம் போடுங்கள் தங்கச்சி.

மழைக்காதலன் | 9.40
கட்டிய டேக்கை மூடி வையுங்கள், நாளை டெல்டாவில் மழை என்கிறார்கள்.

கீர்த்தி_கோவை | செவ்வாய் காலை 8.05
இதே போல எனக்கும் ஒன்று. கிஃப்ட் டேக்கில் கிளிட்டர் ஒட்டினேன், கொட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்யலாம்?

கோலப்பொடி | 8.19
என்ன கம், என்ன பேப்பர், கிளிட்டர் பொடியா பேனாவா? புது இழை திறந்து எழுதுங்கள், அங்கே பார்க்கிறேன்.