கணி, கணக்காயர், கணிதவியலாளர்: இந்தச் சொற்களை எங்கே, எந்தப் பொருளில் கண்டீர்கள்?

கணிதத்தில் வல்லவரைக் குறிக்கும் சொற்களைப் பழைய நூல்களில் பார்த்த இடங்களை மூல வரியோடு பகிருங்கள். இன்றைய பொருளை ஏற்றிப் படித்தால் பிழையாகும் இடங்களைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

---

சிலப்பதிகாரம், நீர்ப்படைக் காதை. செக்கர் வானத்தில் எழுந்த பிறையைச் செங்குட்டுவன் பார்க்கிறான். உடனே கணி எழுந்து, "எண்ணான்கு மதியம் வஞ்சி நீங்கியது" என்கிறான். 8 × 4, அதாவது தலைநகர் வஞ்சியை விட்டு வந்து 32 மாதம். எவ்வளவு அழகான இடம்! நாளை எண்ணுவதும் கோளைப் பார்ப்பதும் அன்று ஒரே ஆளின் வேலை. அதனால் கணி, கணியன் என்று வந்தால் சோதிடம் வல்லவர் என்றே கொள்ளுங்கள். வடமொழிக் 'கணக'னுக்கும் இந்த இரு பொருளும் உண்டு.

---

லத்தீனின் 'மதேமாட்டிகுஸ்' என்ற சொல்லிலும் இதே சிக்கல்தான். அதன் கிரேக்க வேர் 'மந்தனோ' என்றால் கற்கிறேன். 'மதேமா' என்றால் கற்ற பொருள். வேரில் எண்ணே கிடையாது. ரோமானியர் வழக்கிலோ அந்தச் சொல் பெரும்பாலும் சோதிடனைக் குறித்தது. ரோமப் பேரரசர் ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பிலுள்ள 294ஆம் ஆண்டுச் சட்டம், வடிவியலைக் கற்பதும் பயில்வதும் பொதுநலன் என்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே 'ஆர்ஸ் மதேமாட்டிகா'வை, அதாவது சோதிடக் கலையை, தடை செய்கிறது. அதைக் 'கணிதம்' என்று பெயர்த்தால் சட்டம் தன்னையே மறுத்ததாகிவிடும்.

---

கற்றல் என்ற வேரைச் சொன்னதால் இது: நாலடியார் "கணக்காயர் பாடத்தால்" என்கிறது. அவர் கணக்கு வாத்தியார் அல்லர், எழுத்தும் நூலும் கற்பிக்கும் ஆசிரியர். கணக்கு என்றால் நூல், பதினெண்கீழ்க்கணக்கில் போல. எழுத்து வரிசையும்கூட, நெடுங்கணக்கில் போல.

---

இன்று எழுதுவோருக்கு: கணிதம் + இயல் சேரும்போது மகரம் கெட்டு வகர உடம்படுமெய் வரும், கணிதவியல். அதோடு ஆளர் சேர்ந்தால் கணிதவியலாளர். 'கணக்கர்', 'கணக்காளர்' என்று போடாதீர்கள். அவர்கள் வரவு செலவு எழுதுபவர்கள். ராமானுஜனுக்குக் கணிதவியலாளர், கணக்கர் இரண்டுமே பொருந்தும்: 1912இல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர், மாதச் சம்பளம் 30 ரூபாய். ஆகவே அவர் வாழ்க்கையை எழுதும்போது எந்த ஆண்டுக்கு எந்தச் சொல் என்று பார்த்துப் போடவேண்டும். 'கணிதமேதை' புகழ்ச்சொல், தொழிற்பெயராகாது.