சூடான்: 2019-இல் ராணுவத்தோடு கையெழுத்துப் போட்டது சரியா?

வைகைக்கரை:
ரொட்டி விலை ஏறியதற்காக 2018 டிசம்பரில் சூடானின் அட்பாரா நகரில் கிளம்பிய போராட்டம், நான்கே மாதத்தில் அதிபர் உமர் அல்-பஷீரின் 30 ஆண்டு ஆட்சியைச் சாய்த்தது. 2019 ஜூன் 3 அன்று ராணுவத் தலைமையகத்தின் முன் உட்கார்ந்திருந்தவர்களில் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்த ரத்தம் காய்வதற்குள், ஆகஸ்ட் 17-இல் அதே ஜெனரல்களோடு, போராட்டத்தை நடத்திய குடிமக்கள் கூட்டணி இடைக்கால ஆட்சியைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டது. இடைக்கால ஆட்சியின் உச்ச அமைப்பான இறையாண்மைக் குழுவின் தலைமை முதல் 21 மாதம் ராணுவத்துக்கு. பாதுகாப்பு, உள்துறை அமைச்சர்களும் அவர்கள் சொல்லும் ஆட்கள்தான். புரட்சி அன்றே பாதி தோற்றுவிட்டது என்பேன்.

மணிமாறன்:
வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள். தலைநகர் கார்ட்டூமின் தெருக்களில் தளபதி ஹெமெட்டியின் துணை ராணுவப் படையான ஆர்.எஸ்.எஃப். துப்பாக்கியோடு நின்றது. மக்கள் கையில் இருந்தது, குடிமக்கள் ஆட்சி கேட்டு நடத்திய ஜூன் 30 பேரணி மட்டும்தான். அதன் பலத்தில் கிடைத்ததை வாங்கினார்கள். பெண்களைச் சாட்டையால் அடிக்க வழி செய்த பொது ஒழுங்குச் சட்டத்தை, அந்த ஒப்பந்தத்தின்படி பிரதமரான ஹம்தோக்கின் அரசு நீக்கியது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலிலிருந்தும் நாடு வெளியே வந்தது. சாட்டையடி வாங்கிய பெண்ணிடம் போய் இதெல்லாம் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வைகைக்கரை:
அந்தச் சட்டம் போனதில் எனக்கும் மகிழ்ச்சிதான், அண்ணா. ஆனால் 90 நாளில் சட்டமன்றம் அமைப்போம் என்றார்களே? அதில் 67 சதவீத இடம் கூட்டணிக்குத்தான். கடைசி வரை அது அமையவே இல்லை. தங்களுக்குள் இடம் பிரிக்க முடியாமல் இழுத்தடித்ததில் கூட்டணிக்கும் பெரிய பங்கு உண்டு.

குறிஞ்சி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2020 அக்டோபரில் ஜூபா அமைதி ஒப்பந்தம் வழியாக ஆயுதக் குழுக்களும் ஆட்சிக்குள் வந்தன. அதில் ஒரு குழுவின் தலைவரான ஜிப்ரீல் இப்ராஹிம் நிதியமைச்சரே ஆனார். அவரும் இன்னொரு குழுவின் தலைவர் மின்னி மின்னாவியும் 2021 அக்டோபரில் அதிபர் மாளிகை முன் கூட்டம் கூட்டி, ஹம்தோக் அமைச்சரவையைக் கலைக்கச் சொன்னார்கள். சில நாளில், 25-ஆம் தேதி, ராணுவத் தளபதி புர்ஹான் ஆட்சியைப் பிடித்தார். அப்போது பணவீக்கத்தில் மக்கள் நொந்துபோயிருந்தார்கள். சொந்த வீட்டுச் சண்டைதான் ராணுவத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது.

மணிமாறன்:
சரி, சட்டமன்ற விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் பார்வையில் அடிப்படைக் கோளாறு, ஒரே நாட்டில் இரண்டு ராணுவம் இருந்தது. ஆட்சியைக் குடிமக்களிடம் திருப்பித் தருவதற்கான 2022 டிசம்பர் உடன்பாட்டுக்குப் பிறகு, ஆர்.எஸ்.எஃப்.பை 2 ஆண்டில் தன்னோடு இணைக்க வேண்டும் என்றது ராணுவம். 10 ஆண்டு வேண்டும் என்றார் ஹெமெட்டி. 2023 ஏப்ரல் 15-இல் இரண்டு படைகளுக்கும் இடையே போர் வெடித்தது. இதைக் கையெழுத்துப் போட்ட குடிமக்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை, தம்பி.

வைகைக்கரை:
அந்த இரண்டு படைகளையும் தேசிய ராணுவ அமைப்பு என்று ஏற்று எழுதியதே 2019 ஆவணம்தானே, அண்ணா! "பேச்சு இல்லை, கூட்டு இல்லை, அங்கீகாரம் இல்லை" என்று 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு தெருத்தெருவாகச் சொன்னவை பேட்டை எதிர்ப்புக் குழுக்கள். இன்று குண்டு விழும் ஊர்களில் பொது அடுப்பு மூட்டிச் சோறு போடுகிறவர்களில் பலர் அந்தக் குழுக்களில் இருந்த பிள்ளைகள்தான். அடுத்த முறை பேச்சுவார்த்தை நடந்தால், மேசையில் முதல் நாற்காலி அவர்களுக்குப் போட வேண்டும்.